படத்தொகுப்பு பழகுகிறவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

எடிட்டிங் பழக வருகிறவர்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அனுப்பிக் கை வலித்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. சுலபமானவை முதலில், தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பவை பின்னால்.

எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம், பிரீமியரா டாவின்சியா?

உங்கள் கம்ப்யூட்டரில் திணறாமல் ஓடுவது எதுவோ அதில். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும், 3840-க்கு 2160 அளவு வரை எக்ஸ்போர்ட் செய்யும் (முடித்த படத்தைத் தனி வீடியோ கோப்பாக எடுத்துத் தரும்), வாட்டர்மார்க் போடாது. பிரீமியர் ப்ரோவுக்குச் சந்தா கட்ட வேண்டும். ஃபைனல் கட் ப்ரோ விண்டோஸில் ஓடாது. கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் திறமூலம், பழைய மெஷினில்கூட ஓரளவு தாக்குப்பிடிக்கும். 1989-ல் வந்த அவிட் இன்றும் பெரிய படங்களில் இருக்கிறது, ஆனால் முதல் நாளே அதில் போய் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியிலேயே மூன்று மாதம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டுவது, நகர்த்துவது, ஓரத்தை இழுத்து நீளம் சரிசெய்வது எல்லாம் எதிலும் ஒன்றுதான், ஷார்ட்கட் கீ மட்டும் வேறு. ஒன்றில் கை பழகிவிட்டால் இன்னொன்றுக்கு மாற ஒரு வாரம் போதும்.

என் லேப்டாப் சாதாரணமானதுதான், எடிட்டிங் செய்ய முடியுமா?

முடியும். 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி டிஸ்க், தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் ப்ராக்ஸி என்று ஒரு வழி இருக்கிறது, கீழே டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் இடம்) திக்குவதைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். புதிதாக ஏதாவது வாங்கத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டு எடிட் செய்தவர்களுக்கு ஃபேன் சத்தமும் மைக்கின் இரைச்சலும் பக்கத்துத் தெரு ஹாரனும் பெரிய திரையில் போட்டபிறகுதான் காதில் விழும்.

ஃபோன்ல எடிட் பண்ணா அது எடிட்டிங் கணக்குல வராதா?

ஏன் வராது? வெட்டத் தெரிந்தால் எதில் வெட்டினாலும் எடிட்டிங்தான். இருபது முப்பது கிளிப் வரை ஃபோன் போதும். இருநூறு டேக் வந்து, வசனம் ஒரு ட்ராக், இசை ஒரு ட்ராக், சுற்றுப்புற ஒலி இரண்டு ட்ராக் என்று போகும்போதுதான் சின்னத் திரையில் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும்.

கிளிப்பை வெட்டினா என் ஒரிஜினல் வீடியோ போயிடுமா?

போகாது. டைம்லைனில் நீங்கள் பார்ப்பது வீடியோ இல்லை, "இந்தக் கோப்பில் இந்த நொடியிலிருந்து இந்த நொடி வரை காட்டு" என்ற குறிப்பு. வெட்டுவது, நிறம் மாற்றுவது, வேகம் கூட்டுவது எல்லாம் அந்தக் குறிப்பில்தான் நடக்கிறது, டிஸ்கில் இருக்கும் கோப்பை யாரும் தொடுவதில்லை. ப்ராஜெக்ட் கோப்பு அவ்வளவு சின்னதாக இருப்பதற்கும் இதுதான் காரணம். அதற்குள் உங்கள் படம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த இரண்டு பதிலும் இதிலிருந்துதான் வருகிறது.

திடீர்னு எல்லா கிளிப்பும் சிவப்பாகி 'மீடியா ஆஃப்லைன்'னு வருது, எல்லாம் போச்சா?

பயப்படாதீர்கள். கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியிருப்பீர்கள், பெயர் மாற்றியிருப்பீர்கள், அல்லது எக்ஸ்டர்னல் டிஸ்கைச் செருகவில்லை. மேலே சொன்ன குறிப்பில் இருக்கும் முகவரிக்குப் போனால் வீட்டில் ஆளில்லை, அவ்வளவுதான். ரீலிங்க் என்ற கட்டளையைக் கொடுத்துப் புது இடத்தைக் காட்டினால் உயிர் வந்துவிடும்.

அதிகம் பேர் செய்யும் தப்பு, மெமரி கார்டிலிருந்தே நேராக டைம்லைனுக்கு இழுப்பது. கார்டைக் கழற்றினால் சிவப்பு. கார்டை ஃபார்மேட் செய்துவிட்டால் ரீலிங்க் செய்யவும் ஒன்றும் மிஞ்சாது.

ஃபுட்டேஜை எப்படி அடுக்கி வைக்கணும், பேக்கப் அவசியமா?

ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் வீடியோ, ஒலி, இசை, படங்கள், ப்ராஜெக்ட் கோப்பு, எக்ஸ்போர்ட் எல்லாம் தனித்தனி ஃபோல்டரில். முதல் கிளிப்பை இம்போர்ட் செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், நடுவில் அடுக்க ஆரம்பித்தால் முந்தைய கேள்வியின் சிவப்புத் திரைதான். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று பெயர் வைக்காமல் தேதியும் வரிசை எண்ணும் போடுங்கள்.

பேக்கப் அவசியமா என்று கேட்கிறவர்களுக்கு என் கதையைச் சொல்வது வழக்கம். ஆறு நாள் எடுத்த ஃபுட்டேஜை ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைத்திருந்தேன், நாளைக்குக் காப்பி எடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன், ஒரு நாள் கேபிளில் கால் தட்டி டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது. அதற்குப்பிறகு அது டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் கொடுத்தது. மூன்று பிரதி, இரண்டு வேறு சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில், இதுதான் கணக்கு. இடம் எவ்வளவு வேண்டும் என்று தெரிய, கேமராவின் பிட் ரேட்டைப் பாருங்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி. அதை மூன்றால் பெருக்குங்கள்.

24, 25, 30, 60... எந்த ஃப்ரேம் ரேட் வைக்கணும்?

ஃப்ரேம் ரேட் என்றால் ஒரு நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை தனித்தனிப் படங்கள் என்பது. எடுத்தது எதுவோ அதுவே டைம்லைனுக்கும். படம் பேச ஆரம்பித்த 1920-களின் கடைசியில் ஒலிக்காக வேகத்தை நிலையாக வைக்க வேண்டி வந்தபோது சினிமாவுக்கு 24 நிலைத்தது. 25-ம் 30-ம் டிவி வழியாக வந்தவை. பிறகு 23.976, 29.97 என்ற விநோத எண்களைப் பார்ப்பீர்கள். 1953-ல் அமெரிக்காவில் கலர் டிவி தரத்தை முடிவு செய்தபோது, நிற சமிக்ஞையும் ஒலி சமிக்ஞையும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள், அந்த மிச்சத்தைத்தான் இன்னும் சுமக்கிறோம். 24-ம் 23.976-ம் ஒன்று என்று நினைக்காதீர்கள், ஏன் என்று லிப் சிங்க் (உதட்டசைவும் ஒலியும் பொருந்துவது) கேள்வியில் சொல்கிறேன்.

டைம்லைனைத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்யுங்கள். ரிசால்வில் கிளிப் வைத்துவிட்ட டைம்லைனின் ஃப்ரேம் ரேட்டைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள். இரண்டு மூன்று வேகங்களில் எடுத்தது கலந்திருந்தால் பெரும்பாலான கிளிப்புகள் எந்த வேகத்தில் இருக்கின்றனவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

4கேல எடுத்ததை 1080 டைம்லைன்ல போட்டா தரம் குறையுமா?

குறையாது, சொல்லப்போனால் வசதி. 4கே-யில் 1080-ஐப் போல நான்கு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன, அதனால் இரண்டு மடங்கு வரை உள்ளே ஜூம் செய்தாலும் 1080-ல் கூர்மை போகாது. ஒரே ஷாட்டிலிருந்து மிட் ஷாட்டும் குளோஸப்பும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி எடுத்த குளோஸப் நிஜ குளோஸப் மாதிரி இருக்காது, கேமரா பக்கத்தில் போகவில்லை என்பது பின்னணியைப் பார்த்தாலே தெரியும்.

எல்லாம் சரி, எங்க வெட்டணும்னு எப்படித் தெரியும்?

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் கீபோர்டு சமாச்சாரம்.

சோவியத் இயக்குநர் லெவ் குலேஷோவ் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். நடிகரின் ஒரே முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடு, ஒருமுறை சவப்பெட்டியோடு, ஒருமுறை ஒரு பெண்ணோடு சேர்த்து வெட்டினார். முகம் மாறவே இல்லை, பார்த்தவர்களுக்குப் பசியும் துக்கமும் ஆசையும் தெரிந்தது. அதாவது ஒரு ஷாட்டின் அர்த்தத்தில் பாதி அதற்கு அடுத்த ஷாட்டில் இருக்கிறது. அதனால் "இந்த ஷாட் எங்கே முடிய வேண்டும்" என்று மட்டும் கேட்காமல், "அடுத்து எதைப் பார்க்க மனசு தேடுகிறது" என்று கேளுங்கள். ஒருவர் கதவைப் பார்த்தால் நமக்கும் கதவைப் பார்க்க வேண்டும் என்று இருக்கும். உடனே காட்டினால் ஒரு உணர்வு, இரண்டு நொடி காக்க வைத்தால் வேறு உணர்வு, காட்டவே இல்லை என்றால் அது இன்னொரு படம்.

படத்தொகுப்பாளர் வால்ட்டர் மர்ச் ஒரு வெட்டு எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவரின் கண் திரையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 7. நாமெல்லாம் மாய்ந்து மாய்ந்து சரிபார்க்கும் திரையின் தளம், நடிகர் நிற்கும் இடம் போன்ற தொடர்ச்சி விஷயங்களுக்கு மிச்சமிருக்கும் 9 தான். முந்தின ஷாட்டில் கை கன்னத்தில், இந்த ஷாட்டில் கை மேசையில் என்று தலையில் அடித்துக்கொள்ளும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நடிப்பு பிரமாதமாக இருக்கும் டேக்கைக் கை பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிட்டுச் சுமாரான டேக்கை எடுத்துவைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு.

பழக ஒரு வழி சொல்கிறேன். ஷாட்டை ஓடவிட்டு, யோசிக்காமல், வெட்டத் தோன்றும் இடத்தில் மார்க்கர் கீயைத் தட்டுங்கள். திரும்ப ஓடவிட்டுத் திரும்பத் தட்டுங்கள். இரண்டு தடவையும் இரண்டு மூன்று ஃப்ரேமுக்குள் விழுந்தால் அந்த இடம் சரி. ஒரு நொடி தள்ளிப் போனால் அந்த ஷாட்டை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

வெட்டு கண்ணை உறுத்துது, எப்படி மறைக்கிறது?

அசைவில் வெட்டுங்கள். ஒருவர் உட்காருகிறார் என்றால், உட்காரத் தொடங்கி முட்டி மடங்கும்போது வைட் ஷாட்டிலிருந்து வெளியே வந்து, மிச்சத்தைக் குளோஸப்பில் முடிக்க விடுங்கள். கண் அசைவைப் பின்தொடர்ந்து போகிற வேகத்தில் வெட்டைக் கவனிக்காது.

அப்படியும் உறுத்தினால் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ஒரே ஆளை ஏறக்குறைய ஒரே கோணத்தில் எடுத்த இரண்டு ஷாட்டை ஒட்டியிருப்பீர்கள், ஆள் துள்ளுகிற மாதிரி தெரியும். கேமரா குறைந்தது 30 டிகிரியாவது நகர்ந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. இரண்டாவது, பேசுகிற இருவருக்கும் நடுவே இருக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டியிருக்கும், அப்போது இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவது போல ஆகிவிடும். எடிட்டிங் மேசையில் இதற்கு முழு மருந்து கிடையாது. நடுவே கோட்டின் மேலேயே எடுத்த ஒரு ஷாட்டோ, கை, கடிகாரம் மாதிரி ஒரு கட்-அவேயோ வைத்துச் சமாளிக்கலாம்.

ஜே-கட், எல்-கட்னு சொல்றாங்களே, அது என்ன?

படமும் ஒலியும் ஒரே இடத்தில் மாறாமல் இருப்பது. அடுத்த காட்சியின் ஒலி முன்னாலேயே வந்துவிட்டால் ஜே-கட், முந்தைய ஒலி அடுத்த படத்துக்குள்ளும் நீண்டால் எல்-கட். டைம்லைனில் பார்த்தால் கிளிப்புகள் அந்த ஆங்கில எழுத்துகளின் வடிவத்தில் நிற்கும், பெயர் அதிலிருந்து வந்தது.

இருவர் பேசும் காட்சியில் யார் பேசுகிறாரோ அவரையே காட்டிக்கொண்டிருந்தால் டென்னிஸ் பார்க்கிற மாதிரி இருக்கும். கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்துக்கு வசனம் முடியும் முன்பே போய்விடுங்கள், பல நேரம் காட்சியே அங்கேதான் இருக்கிறது.

ட்ரான்சிஷன் எஃபெக்ட் எத்தனை போடலாம்?

நேர் வெட்டு. காலம் கடந்தது என்று சொல்ல டிசால்வ், ஒரு படம் மங்க மங்க அடுத்தது தெளிவது. ஒரு பகுதி முடிந்தது என்றால் இருட்டுக்கு ஃபேட். முதல் வருடத்துக்கு இது போதும். சுழன்று வருவது, பக்கம் புரள்வது எல்லாம் கல்யாண வீடியோவில் கேட்டால் போட்டுக் கொடுங்கள். இரண்டு ஷாட் சரியாக ஒட்டாதபோதுதான் கை எஃபெக்ட் பக்கம் போகிறது, அதைக் கவனித்துப் பாருங்கள்.

மியூசிக் போட்டா வசனம் கேக்கல, மியூசிக்கைக் குறைச்சா சப்புன்னு இருக்கு. என்ன செய்ய?

முதலில் இசையை அணைத்துவிட்டு வசனத்தை மட்டும் சரிசெய்யுங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் ஆடட்டும், பூஜ்யத்தைத் தொட்டால் உடையும், உடைந்த ஒலியை ஒட்ட முடியாது. பிறகு இசையைக் கீழிருந்து மெதுவாக ஏற்றுங்கள், வசனம் இல்லாத இடத்தில் எழும்ப விட்டுப் பேச ஆரம்பித்ததும் இறக்குங்கள். பாட்டு வரிகள் உள்ள இசையை வசனத்துக்கு அடியில் போடாதீர்கள், காது இரண்டு பேச்சை ஒரே நேரத்தில் கேட்காது.

அப்புறம், வசனத்துக்கு நடுவே வெட்டிய இடங்களில் ஒலி 'டப்'பென்று செத்துப்போகிறதே, அதற்குக் காரணம் நிசப்தம். நிஜ அறையில் நிசப்தமே கிடையாது. ஷூட்டிங் நடந்த இடத்தில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி அரை நிமிடம் வெறும் அறை ஒலியைப் பதிந்து வந்தால் அந்த ஓட்டைகளை அதை வைத்து அடைக்கலாம். இதை எல்லோரிடமும் சொல்கிறேன், பத்தில் ஒருவர்கூடப் பதிந்துகொண்டு வருவதில்லை.

ஆரம்பத்துல லிப் சிங்க் சரியா இருக்கு, போகப்போக விலகுது. ஏன்?

விலகல் முதலிலிருந்தே ஒரே அளவாக இருந்தால் அது இடம் மாறி வைத்த கிளிப், கிளாப் சத்தத்தைப் பார்த்து நகர்த்தினால் முடிந்தது. போகப்போக வளர்ந்தால் அது வேகப் பிரச்சினை. பெரும்பாலும் குற்றவாளி ஃபோன். நிறைய ஃபோன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து நொடிக்கு 30 ஃப்ரேம், 28, 29.6 என்று மாற்றி மாற்றிப் பதிகின்றன. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டுப் பிறகு இம்போர்ட் செய்யுங்கள்.

இன்னொரு காரணம் முன்னே சொன்ன ஆயிரத்தில் ஒரு பங்கு. 23.976-ல் எடுத்ததை 24-ஆக ஓட்டினால் படம் ஆயிரம் நொடிக்கு ஒரு நொடி முந்திவிடும், ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி. மூன்று நிமிடக் குறும்படத்தில்கூட நான்கு ஃப்ரேமுக்கு மேல் விலகும், உதடு பொருந்தவில்லை என்று தெரிய அதுவே போதும். தனி ரெக்கார்டரில் ஒலி பதிந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், வீடியோ உலகம் அதில்தான் ஓடுகிறது.

ஸ்லோ மோஷன் போட்டா வழவழன்னு வராம குதிக்குது

24-ல் எடுத்ததைப் பாதி வேகமாக்கினால் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு முறை காட்டப்படும், குதிக்காமல் என்ன செய்யும்? ஸ்லோ மோஷன் வேண்டும் என்றால் எடுக்கும்போதே வேகமாக எடுக்க வேண்டும். 60-ல் எடுத்ததை 24 டைம்லைனில் 40 சதவீத வேகத்தில் வைத்தால் ஒரு ஃப்ரேமும் வீணாகாது, 50-ல் எடுத்ததை 25-ல் வைத்தால் 50 சதவீதம். ஆப்டிகல் ஃப்ளோ என்று ஒரு வசதி இல்லாத ஃப்ரேம்களைத் தானே வரையும், சில நேரம் அற்புதமாக இருக்கும், சில நேரம் விரல்களும் கூந்தலும் உருகி ஓடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 60-ல் எடுத்ததைச் சாதாரண வேகத்தில் 24 டைம்லைனில் போட்டால் 2.5 ஃப்ரேமுக்கு ஒன்றை எடுக்க வேண்டும், அரை ஃப்ரேம் கிடையாது என்பதால் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று தாண்டிப் போகும், கேமரா திரும்பும் ஷாட்டில் நடுக்கம் தெரியும். எல்லாவற்றையும் 60-லேயே எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஃபைல் சின்னதுதான், ஆனா டைம்லைன் திக்கித்திணறுது

சின்னது என்பதால்தான் திணறுகிறது. எச்.264, எச்.265 என்ற முறைகளில் அமுக்கிய வீடியோ கோப்புகளில் எப்போதாவது ஒரு ஃப்ரேம்தான் முழுசாக இருக்கும், நடுவில் இருப்பவை "முந்தினதிலிருந்து இது மட்டும் மாறியது" என்ற தகவல் மட்டும். வரிசையாகப் பார்க்க அது போதும். எடிட்டிங்கில் நாம் அங்கும் இங்கும் தாவுகிறோம், பின்னால் ஓட்டுகிறோம், ஒவ்வொரு தாவலுக்கும் கம்ப்யூட்டர் பின்னே போய் முழு ஃப்ரேமைத் தேடி அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டியிருக்கிறது.

வழி இரண்டு. ப்ரோரெஸ் போல ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசாக வைத்திருக்கும் வடிவத்துக்கு மாற்றலாம், ஆனால் 25 ஃப்ரேம் வேகத்தில் 1080 ப்ரோரெஸ் 422 ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 55 ஜிபி தின்னும். இல்லாவிட்டால் ப்ராக்ஸி. சாஃப்ட்வேரே சின்ன அளவு நகல்களை உண்டாக்கி, எடிட் செய்யும்போது அதைக் காட்டி, எக்ஸ்போர்ட்டின்போது ஒரிஜினலுக்கு மாறிக்கொள்ளும். கடைசியில் மாறியதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், ப்ராக்ஸியிலேயே எக்ஸ்போர்ட் செய்துவிட்டுப் படம் மங்கலாக இருக்கிறது என்று வந்தவர்கள் உண்டு.

லாக்ல எடுத்தா சினிமா மாதிரி இருக்கும்னாங்க, எனக்கு சாம்பல் கரைச்ச மாதிரி இருக்கு

லாக் என்பது கேமராவின் ஒரு பதிவு முறை, சமைக்காத பொருள் மாதிரி. வெளிச்சமான இடத்தையும் இருட்டையும் ஒன்றாகப் பிடித்துவைக்க கான்ட்ராஸ்டை அழுத்தி வைத்திருக்கிறார்கள், அதை விரிப்பது உங்கள் வேலை. கேமரா தயாரிப்பாளரே கொடுக்கும் லட் கோப்பை (எந்த நிறத்தை எதுவாக மாற்ற வேண்டும் என்ற அட்டவணை) போட்டால் சாதாரணத் திரைக்குரிய ரெக் 709 நிறத்துக்கு வந்துவிடும், அதற்குப்பிறகு வெளிச்சம், வெள்ளைச் சமநிலை சரிசெய்து ஷாட்டுக்கு ஷாட் பொருத்துங்கள். நீலம், ஆரஞ்சு விளையாட்டு எல்லாம் அது முடிந்தபின். உங்கள் கேமரா 8 பிட்டில் பதிந்தால் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 10 பிட்டில் 1024. 8 பிட் லாக்கை இழுத்தால் வானம் பட்டை பட்டையாக உடையும், அப்படிப்பட்ட கேமராவில் சாதாரண நிறத்திலேயே எடுப்பது உத்தமம்.

எக்ஸ்போர்ட் செட்டிங் என்ன வைக்கணும்?

யூடியூப் மாதிரி தளம் என்றால் எம்பி4, எச்.264, டைம்லைனின் அதே ஃப்ரேம் ரேட். 24-லிருந்து 30 ஃப்ரேம் வரையிலான 1080-க்கு நொடிக்கு 8 மெகாபிட்டும் 4கே-வுக்கு 35 முதல் 45-ம் யூடியூப் பரிந்துரைக்கும் அளவு. நான் அதைவிடக் கொஞ்சம் கூட்டியே வைப்பேன், அவர்கள் எப்படியும் திரும்ப அமுக்கப்போகிறார்கள். ஒலியின் அளவை யூடியூப் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) அருகே கொண்டுவருகிறது, அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் குறைத்துவிடும், ஆகவே கத்திப் பிரயோஜனமில்லை. ஐரோப்பிய ஒளிபரப்பில் மைனஸ் 23.

எக்ஸ்போர்ட் ஆனதும் கலர் வெளுத்துப் போச்சு

பல நேரம் கோப்பு சரியாக இருக்கிறது, ப்ளேயர்தான் வேறு மாதிரி காட்டுகிறது. மேக்கில் குயிக்டைமில் பார்ப்பவர்களுக்கு இது ரொம்பப் பழக்கம். வேறு ப்ளேயரிலும் ஃபோனிலும் போட்டுப் பாருங்கள், தளத்தில் மறைவாக ஏற்றிப் பாருங்கள், அங்கே சரியாக இருந்தால் கையை வைக்காதீர்கள். எல்லா இடத்திலும் வெளுத்திருந்தால் லெவல் குழப்பம். வீடியோவில் கறுப்பு 16-லும் வெள்ளை 235-லும் இருக்கும், கம்ப்யூட்டர் படங்களில் 0-லும் 255-லும். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால் படம் வெளுக்கும் அல்லது இருட்டில் எல்லாம் அமுங்கும். எக்ஸ்போர்ட் அமைப்பில் டேட்டா லெவல் எதில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பதிலாகக் கான்ட்ராஸ்டை ஏற்றி ஈடுகட்டினால் வேறொரு திரையில் நாறும்.

பத்து செகண்டுதான் பாட்டு போட்டேன், அதுக்கும் காப்பிரைட் வருமா?

வரும். இத்தனை நொடி வரை இலவசம் என்று ஒரு விதி எங்கும் இல்லை, யாரோ கிளப்பிவிட்டது. தளங்களே இலவசமாகக் கொடுக்கும் இசைத் தொகுப்பு இருக்கிறது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இசை கிடைக்கிறது. உரிமத்தில் பெயர் போடச் சொல்லியிருந்தால் போடுங்கள், வணிகத்துக்குக் கூடாது என்றிருந்தால் அதை மதியுங்கள்.

பதினெட்டு நிமிஷம் வந்திருக்கு, பன்னிரண்டுக்குள்ள வரணும். எதை வெட்டுறதுன்னே தெரியல

ஒவ்வொரு ஷாட்டிலும் அரை நொடி அரை நொடியாகச் சுரண்டாதீர்கள். அப்படிச் செய்தால் படம் அவசரமாகும், சுருங்காது. முழுக் காட்சியாகத் தூக்குங்கள். டைம்லைனை நகல் எடுத்துவைத்துவிட்டு ஒரு காட்சியை நீக்கி முழுப் படத்தையும் ஓட்டுங்கள், கதை புரிகிறதா? புரிந்தால் அது திரும்ப வர வேண்டியதில்லை. ஒரிஜினல் எங்கும் போகாது என்று நான்காவது பதிலில் சொன்னேனே, தைரியமாகத் தூக்கலாம்.

அப்புறம் காட்சிகளின் தலையும் வாலும். கதவைத் திறந்து, நடந்து, உட்கார்ந்து, வணக்கம் சொல்லி ஆரம்பிக்கும் காட்சியைப் பேச்சின் நடுவிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். கடைசியாக, படம் எடுக்கும்போது கூட இல்லாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். அவர் சொல்லும் கருத்தைவிட அவர் எப்போது ஃபோனை எடுக்கிறார் என்று பாருங்கள். மழையில் நனைந்து எடுத்த ஷாட் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அங்கேதான் பெரும்பாலும் கை ஃபோனுக்குப் போகும்.

சவுண்ட் பண்றவர் 'லாக் ஆயிடுச்சா, ஏஏஎஃப் கொடு'ங்கிறார். என்ன கேக்கிறார்?

இது மேலே சொன்ன கேமரா லாக் இல்லை, பூட்டுவது. பிக்சர் லாக் என்றால் இனி ஒரு ஃப்ரேம்கூட நகராது என்ற வாக்கு. அதற்குப்பிறகு நீங்கள் ஆறு ஃப்ரேம் வெட்டினால் அவர் அந்த இடத்துக்குப்பின் வைத்த ஒவ்வொரு ஒலியும் ஆறு ஃப்ரேம் தள்ளி நிற்கும், அதனால்தான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மிரட்டலாகக் கேட்கிறார்கள். ஏஏஎஃப் என்பது உங்கள் ஒலி ட்ராக்குகளை வெட்டுகளோடு அப்படியே வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்பு. எக்ஸ்போர்ட் செய்யும்போது ஹேண்டில்ஸ் என்ற இடத்தில் சில நொடிகள் கொடுங்கள், ஒவ்வொரு கிளிப்புக்கும் இரண்டு பக்கமும் வெட்டிய பகுதி கொஞ்சம் கூடவே போகும், அவருக்கு ஃபேட் செய்ய அது வேண்டும். வசனம், இசை, சுற்றுப்புறம் எல்லாம் தனித்தனி ட்ராக்கில் இருக்கட்டும்.

கூடவே திரையில் டைம்கோடு (மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் காட்டும் எண்) ஓடும் ஒரு வீடியோவும் கொடுக்க வேண்டும். படம் தொடங்க சரியாக இரண்டு நொடி முன்னால் ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ஒரு பீப் வையுங்கள், ஏஏஎஃபிலும் வீடியோவிலும். இரண்டு பீப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இருவர் டைம்லைனும் ஒன்றுதான் என்று அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும், விழாவிட்டால் லிப் சிங்க் கேள்வியில் சொன்ன ஃப்ரேம் ரேட்டிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.